பேசுபவர் பெயருக்கான கட்டம்

மார்ச்சு 3

மருமகளுக்கு,

நலம் கேட்பதற்காக இந்த மடலை நான் எழுதவில்லை. நலம் கேட்கும் உறவை நான்தான் வாசலோடு நிறுத்தினேன். நீயும் மறுபேச்சின்றி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு புறப்பட்டாய். அவற்றை இங்கே கிளற வேண்டா. செய்திக்கு வருகிறேன்.

என் கதை திறக்க மறுக்கிறது.

முற்றிலும் மறுக்கிறது என்று சொல்லமாட்டேன். காலையில் கோப்பைச் சொடுக்கிவிட்டுக் குளித்து, துணி உலர்த்தி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு வந்து பார்த்தால், அந்த நீலவட்டம் அப்போதும் சுழன்றுகொண்டிருக்கிறது. திறந்த பிறகும் கொடுமை ஓய்வதில்லை. ஒரு சொல்லைத் தட்டினால், அது திரையில் தோன்றுவதற்குள் அதை எதற்காகத் தட்டினேன் என்பதே மறந்துபோகிறது. நீதிமன்றத்தில் என்னை எப்படி அழைத்தார்கள் என்பதை நீ அறிவாய். மின்னல்! சாட்சி வாய்மூடும் முன்பே அவருடைய சொல்லைத் தாளில் நிறுத்தியவள் நான். அழுதுகொண்டே பேசியவர்களையும், பொய்யை அவசரமாகப் பேசியவர்களையும், ஒருவர்மீது ஒருவர் பாய்ந்து பேசிய வழக்கறிஞர்களையும் ஒரு சொல் சிந்தாமல் பிடித்த விரல்கள் இவை. இந்த விரல்களை, வேலை கேட்டு வந்தவரைப் போல, ஒரு மென்பொருள் வெளியே நிற்கவைக்கிறது. விரல் விரைகிறது, திரை திணறுகிறது. இதைப் பொறுத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் எழுதுவது?

தெருமுனைக் கணினிக் கடைக்காரரை அழைத்துக் காட்டினேன். இரண்டு முறை சொடுக்கினார். ஒரு முறை கொட்டாவி விட்டார்.

"பாட்டி, மெஷின் பழசாயிடுச்சு. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

"தம்பி, உங்க தலையில இருக்கிற நரைக்கு நீங்கதான் எனக்குத் தாத்தா. யாரு யாரைப் பாட்டிங்கிறது?"

சுட்டியை மெல்ல வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: ஏன்? காரணத்தை மட்டும் எழுது. கோப்பில் கைவைக்கச் சொல்லவில்லை. தொலைபேசியில் அழைக்காதே. என் குரல் நமக்கு நல்லதன்று என்பது முன்பே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

அத்தை


மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். நோயாளிகளின் பதிவுகள் உறங்கும் இயந்திரங்கள் நிறைந்த குளிர் அறை. வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டையோடு அமர்ந்திருக்கிறேன். தங்கியிருப்பது ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில். கீழே இஸ்திரிப் பெட்டிகள் மூச்சுவிடும்போதெல்லாம் என் சன்னலில் ஆவி ஏறுகிறது. காலையில் கண்விழித்தால் தெரு இருக்காது. வெண்மை மட்டுமே இருக்கும். பிறகு ஒரு விளக்குக் கம்பம் வரும், ஒரு மிதிவண்டி வரும், தெரு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். உங்கள் கோப்பு திறப்பதைப் போலத்தான்.

காரணம் கேட்டீர்கள். குற்றம் கணினியினுடையதன்று, முழுக்க மென்பொருளினுடையதும் அன்று. உங்கள் கதை முழுவதும் ஒரே அட்டவணைக்குள் இருக்கிறது.

சாட்சியம் பதிவுசெய்ய நீதிமன்றத்தில் நீங்கள் பயன்படுத்திய படிவத்தை எடுத்து, அதிலேயே கதையையும் எழுதியிருக்கிறீர்கள். இடப்பக்கக் கட்டத்தில் பேசுபவர் பெயர். வலப்பக்கக் கட்டத்தில் அவர் பேச்சு. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். ஒரு நாள் சாட்சியத்துக்கு அந்தப் படிவம் பொருந்தும். ஆனால் உங்கள் கதையோ ஆண்டுக்கணக்காக நீண்டு கிடக்கும் ஒரே சாட்சியம். நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டியதும், அந்த ஓர் எழுத்துக்கு இடம் இருக்கிறதா என்று முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை மென்பொருள் அளந்து பார்க்கிறது. ஒரு விருந்தாளி படியேறினால், வீட்டில் உறங்கும் அத்தனை பேரையும் எழுப்பித் தலையெண்ணும் காவலாளி அது.

வழிகள் மூன்று. கதையை இயல் இயலாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளாக வைக்கலாம். அட்டவணையைக் கலைக்கலாம். அல்லது வேறு மென்பொருளுக்குக் குடிபெயரலாம். எதையும் செய்யாவிட்டால், ஒரு நாள் அந்த நீலவட்டம் சுழன்றுகொண்டே நின்றுவிடும்.

அன்று நான் செய்தது இரண்டாவது வழியைத்தான். கேட்காமல் செய்தது என் பிழை. செய்தது பிழையன்று. அதை இப்போதும் சொல்வேன்.

உங்கள் மருமகள்


மார்ச்சு 16

மருமகளுக்கு,

உன் நெஞ்சுரம் தேய்ந்துவிடவில்லை என்பதை அறிந்தேன். நன்று.

பிரிக்கச் சொல்கிறாய். இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை, வேறு வழியில்லாமல், உனக்குச் சொல்கிறேன். என் கதை ஒரு வீடு. அந்த வீட்டில் அறைகள் பல; ஒவ்வோர் அறையிலும் யாரோ ஒருவர் தம் வாழ்வைப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒருத்தி கையில் விளக்கோடு அறை அறையாகச் செல்கிறாள். விளக்கை வைக்கிறாள், கேட்கிறாள், எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடக்கிறாள். ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு கோப்பில் போட்டுப் பூட்டினால் அவள் எந்த வழியாக நடப்பாள்? ஒரு கோப்பை மூடி மறுகோப்பைத் திறப்பதற்குள் விளக்கு அணைந்துவிடாதா?

அட்டவணையைக் கலைக்கச் சொல்கிறாய். பேசியவர் இன்னார் என்று குறிக்காத பேச்சு என் தொழிலில் பேச்சே அன்று; வெறும் காற்று. அன்று நீ கலைத்துவைத்ததைத் திறந்து பார்த்தபோது, அத்தனை குரல்களும் பெயர் அறுந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தன. அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் கேள். இந்தக் காத்திருப்பு எனக்குக் கொடுமைதான். ஆனால் அதற்குள் ஏதோ நிகழ்கிறது. விசையைத் தட்டிவிட்டு வெறுந்திரையைப் பார்த்திருக்கையில், எழுத்து வருவதற்கு முன்னால், அந்த வெண்மைக்குள் அவளுடைய சேலை முனை திரும்புவது தெரிகிறது. விளக்கின் மஞ்சள் சுவரில் ஏறுகிறது. பிறகு எழுத்துகள், தாமதமாக வந்த வண்டியிலிருந்து இறங்குபவர்களைப் போல, ஒருவர்பின் ஒருவராக, களைப்போடு வந்து சேர்கின்றன. நான் விழித்துக்கொள்கிறேன்.

ஒரே ஓர் அறை மீதம் இருக்கிறது. அதன் கதவு சாத்தியிருக்கிறது. அவள் தட்டுகிறாள். உள்ளிருந்து "யாரு?" என்று ஒரு குரல் கேட்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன். நாள்தோறும் கோப்பைத் திறக்கிறேன், அந்த "யாரு?" என்ற சொல்லை அழித்துவிட்டு மீண்டும் தட்டுகிறேன், மூடிவிடுகிறேன். இந்தக் கோப்பு என்றேனும் திறக்காமல் போனால், அவள் அந்தக் கதவின் முன்னால் அப்படியே நின்றுபோவாள். அது மட்டும் கூடாது.

எனவே மூன்றாவது வழியைச் சொல். குடிபெயர ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் வீட்டை அப்படியே தூக்கிச் செல்லவேண்டும். செங்கல் செங்கலாகப் பெயர்த்தன்று.

அத்தை


மார்ச் 24

அன்புள்ள அத்தைக்கு,

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். முதல் தாளில், யாருக்கும் உரிமைத்தொகை கட்டவேண்டாத ஒரு மென்பொருளை இறக்கி நிறுவும் முறை. உங்கள் கணினிக்கு அது பாரமாக இராது. இரண்டாம் தாளில், இணையத்திலேயே எழுதும் முறை. அங்கே கோப்பு உங்கள் கணினியில் இராது, எங்கோ தொலைவில் இருக்கும். அதை மேகம் என்பார்கள். ஒவ்வொரு படியையும் நீங்கள் சாட்சிகளுக்குப் படித்துக்காட்டுவதைப் போலத் தெளிவாக எழுதியிருக்கிறேன். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்; அதன் நகலைத் திறந்து பாருங்கள்.

நேற்று மதிய இடைவேளையில் இயந்திர அறையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். அந்த இயந்திரங்களின் இரைச்சல் ஒரே சுருதியில் நீண்டு செல்லும். கேட்கக் கேட்க அது இரைச்சல் இல்லாமல் போய்விடும். கனவில் உங்கள் வீட்டுக்குள் இருந்தேன். நாம் இருந்த வீடன்று. நீங்கள் எழுதும் வீடு. மாடிப்படிக்குக் கீழே சாய்வான கூரையுள்ள அறையில் ஒரு முதியவர் ஓடாத கடிகாரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் நில்லும்மா, இதை மட்டும் முடிச்சிடறேன்" என்றார். நான் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று கேட்கத் தோன்றவில்லை. யாரோ என் தோளைத் தட்டினார்கள். நோயாளிப் பதிவேடு திறக்கவில்லை என்று மூன்றாம் மாடியிலிருந்து ஆள் வந்திருந்தார்.

கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்


ஏப்பிரல் 4

மருமகளுக்கு,

கண் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன.

முதல் மென்பொருளை நிறுவினேன். நீ எழுதிய படிகள் தெளிவு. ஒரு சொல் மிகை இல்லை. என் கோப்பை அது கண்டதும் விருந்தினரை வரவேற்பதைப் போல விரித்துவைத்தது. மகிழ்ந்தேன். அடுத்த கணம் பார்க்கிறேன்: அட்டவணையின் வலது ஓரத்தைத் தாளுக்கு வெளியே தள்ளிவிட்டிருக்கிறது! சாட்சிகளின் பேச்செல்லாம் பாதியில் அறுந்து நிற்கிறது. அவளுடைய விளக்கு ஒரு பக்கத்தில் இருக்கிறது. விளக்கை ஏந்திய கை அடுத்த பக்கத்தில் இருக்கிறது. கையில்லாத விளக்கும் விளக்கில்லாத கையுமாக ஒரு வீட்டை எவ்வாறு சுற்றுவது?

மேகத்துக்கும் ஏறிப் பார்த்தேன். ஏறுவதற்குள் இணையம் அறுந்தது. மறுநாள் ஏறினேன். கோப்பு அளவுக்கு மீறியதாம், ஏற்க இயலாதாம். வானத்தில் இவ்வளவு இடம் இருக்கிறது, என் ஒரு வீட்டுக்கு இடமில்லையாம். "அப்புறம் எதுக்குடா உனக்கு மேகம்னு பேரு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டம்மா சன்னலைத் திறந்து, "யாரோட சண்டை?" என்று கேட்டார். "மேகத்தோட" என்றேன். அவர் துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இனி ஒரு வினா. இதை நான் உரத்துக் கேட்கவில்லை, அமைதியாகவே கேட்கிறேன். கடிகாரம் துடைக்கும் முதியவரை நீ எங்கே கண்டாய்? என் கதையில் அவர் இருக்கிறார். மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறார். கூரையும் சாய்வுதான். அவரைப்பற்றி எவரிடமும் நான் சொன்னதில்லை. பெற்ற மகனிடமும் சொன்னதில்லை.

அத்தை


ஏப்ரல் 11

அன்புள்ள அத்தைக்கு,

கனவுக்குச் சாட்சி கேட்டால் எங்கே போவேன்? வேறு நாள் சொல்கிறேன்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லாததற்குக் காரணம், உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். அதைப் புதிதாக இறக்கவேண்டியதில்லை. உங்கள் கணினியில் வாங்கிய நாளிலிருந்தே ஒரு மூலையில் கிடக்கிறது. குறிப்பு எழுதும் சிறு பலகை. அட்டவணை கிடையாது. தடித்த எழுத்து கிடையாது. பக்க எண் கிடையாது. வெள்ளையடித்த வெறுஞ்சுவர் அறை. எழுத்தைத் தவிர அங்கே எதற்கும் இடமில்லை. அதனாலேயே அது எதையும் அளப்பதில்லை. நீங்கள் தட்டும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கும்.

கதையை அதில் எழுத வேண்டாம். விரலை மட்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். எதையாவது, வாய்க்கு வந்ததை, தட்டிப் பாருங்கள்.

உங்கள் மகன் கப்பலிலிருந்து அழைத்தார். "ரெண்டு பேரும் கடுதாசி எழுதிக்கிறீங்களாமே? நான் இங்க நடுக்கடல்ல எண்ணெய்க் கறையோட நிக்கிறேன், எனக்கு ஒரு வரி கிடையாதா?" என்றார். "உங்களுக்கு சிக்னல் கிடைச்சதே பெரிசு, வைங்க" என்றேன். சிரித்தார். சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்டார். மென்பொருளைப்பற்றித்தான் பேசிக்கொள்கிறோம் என்று சொன்னேன். அதுதானே உண்மை.

உங்கள் மருமகள்


ஏப்பிரல் 19

மருமகளுக்கு,

உன் வெறுஞ்சுவர் அறையைத் திறந்தேன். திறக்கும் முன்பே திறந்திருந்தது.

முதலில் அஞ்சினேன். விசையைத் தொட்டதும் எழுத்து நிற்கிறது. இடையே வெண்மை இல்லை, காத்திருப்பு இல்லை, சேலை முனை இல்லை. நெடுநாள் கட்டிப்போட்டிருந்த விரல்கள், அவிழ்த்துவிட்டதும் ஓடின. எங்கே ஓடுகின்றன என்று நான் பார்க்கவில்லை; கண்ணை மூடிக்கொண்டேன். பிற்பகல் வெயில் மேசைமீது நகர்ந்துகொண்டிருந்தது. நீதிமன்றத்தின் பழைய மின்விசிறி தலைக்குமேல் சுழல்வதாகத் தோன்றியது. யாரோ பேசுகிறார்கள், நான் பதிவுசெய்கிறேன். அவ்வளவே.

கண் திறந்து படித்தேன். நீ வீட்டை விட்டுச் செல்லக் காரணமான அந்த நாளின் பேச்சு, ஒரு சொல் குறையாமல், திரையில் இருந்தது. என்னை அறியாமலே இடப்பக்கத்தில் பெயரும் வலப்பக்கத்தில் பேச்சுமாகத் தட்டியிருந்தேன். அதை அச்செடுத்து அனுப்புகிறேன். சாட்சியம் பதிவானதும் சாட்சி அதைப் படித்து, திருத்தம் இருந்தால் சொல்வது முறை. ஒரே ஓர் இடத்தில் பதிவு முழுமையாக இல்லை. அதை நீதான் நிரப்பவேண்டும்.

மருமகள்: அத்தை, பழைய ஃபைல் அப்படியே இருக்கு. இது வேற காப்பி.
நான்: யாரைக் கேட்டுக் கை வச்சே?
மருமகள்: நீங்க கண் டாக்டர்கிட்ட போயிருந்தீங்க. வர்றதுக்குள்ள சரிபண்ணி வச்சா சந்தோஷப்படுவீங்கன்னு…
நான்: சந்தோஷமா? யார் பேசுறாங்கன்னே தெரியாம வீடு முழுக்கக் குரலா சிதறிக் கிடக்கு. இதுல எனக்கு சந்தோஷமா?
மருமகள்: இல்ல அத்தை, கொஞ்சம் உக்காந்து பாருங்க…
நான்: கேக்காம கை வைக்கிறவங்களோட என்னால ஒரே வீட்டுல இருக்க முடியாது!
(இருவரும் ஒரே நேரத்தில் பேசினர். மருமகள் கூறியது பதிவாகவில்லை.)
நான்: அந்தக் காப்பியை அழிச்சிடு.
மருமகள்: சரி அத்தை.

எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ பேர் ஒருவர்மேல் ஒருவர் கத்தியபோதும் இருவர் பேச்சையும் பிரித்துப் பிடித்தவள் நான். அன்று என் குரலே என் காதை மறைத்துவிட்டது. அந்த இடத்தில் நீ என்ன சொன்னாய்?

அத்தை


ஏப்ரல் 26

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதிவைப் படித்தேன். சரியாக இருக்கிறது. நான் "உக்காந்து பாருங்க" என்றபோது நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்தேன். அது பேச்சன்று என்பதால் நீங்கள் எழுதவில்லை போலும்.

அந்த இடத்தில் நான் சொன்னது இது:

"உள்ள இருந்து யாருன்னு கேக்குறாங்களே அத்தை, அவ ஏன் பதில் சொல்ல மாட்டேங்குறா?"

ஆம், படித்தேன். கடிகார முதியவரைக் கனவில் மட்டும் காணவில்லை. அன்று காலை நான் நினைத்தது அட்டவணையைக் கலைப்பதை மட்டுமே. கலைத்ததும் இடப்பக்கப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. எந்தப் பேச்சு யாருடையது என்று சரிபார்க்க நினைத்து முதல் வரியைப் படித்தேன். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து கருகியது. அது என்ன வாடை என்று நீங்கள் வந்ததும் கேட்டீர்கள். வெயில் சன்னலை விட்டுப் போனது தெரியவில்லை. அவளுக்குப் பின்னால், சத்தமில்லாமல், அறை அறையாக நடந்துகொண்டிருந்தேன்.

அத்தை, ஒன்று சொல்கிறேன். பெயர்கள் இல்லாமலே யார் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. கடிகாரக்காரர் ஒவ்வொரு வாக்கியத்தையும் "இதை மட்டும்" என்றுதான் தொடங்குவார். நீல அறையில் இருக்கும் பெண், கேட்ட கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வியைத்தான் கேட்பாள். தோட்டத்து அறையில் சகோதரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பேசுவது, அவர்கள் விடும் இடைவெளியிலேயே கேட்கிறது. நான் அவர்களைப் பெயர் பார்த்து அறியவில்லை. குரல் கேட்டு அறிந்தேன். இதைச் சொல்லத்தான் நாற்காலியை இழுத்தேன். அதற்குள் கத்தல் தொடங்கிவிட்டது. என்னிடம் இருந்த ஒரே கேள்வியை நானும் கத்தினேன்.

கப்பலில் இருப்பவர் இதை அறியமாட்டார். சண்டை நடந்தது தெரியும்; ஆனால் புது வேலைக்காகத்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில், உங்கள் கதையை முதலில் படித்தவள் உங்களுக்கு வேண்டாம் என்றபோது என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

உங்கள் மருமகள்


ஏப்பிரல் 27

மருமகளுக்கு,

உன் பதில் இன்னும் வந்துசேரவில்லை. அதற்குமுன் இதை எழுதவேண்டியதாயிற்று.

இன்று கோப்பு திறக்கவில்லை.

காலையில் சொடுக்கினேன். வட்டம் சுழன்றது. குளித்து வந்தேன், சுழன்றது. சமைத்து முடித்தேன், சுழன்றது. பிறகு வட்டமும் நின்றது. கோப்பு பழுதுபட்டுவிட்டதாம். நீ சொன்ன புது மென்பொருளும் கைவிரித்தது. பழைய நகலை அழித்துவிட்டு நேற்று எடுத்த நகலும் அவ்வாறே சொல்கிறது; அதுவும் பழுதிலிருந்து எடுத்ததுதானே. கடைக்காரர் வந்தார். இம்முறை பாட்டி என்று அழைக்கவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

அவள் அந்தக் கதவின் முன்னால் நிற்கிறாள். எனக்கு வீட்டுக்குள் செல்ல வழி இல்லை.

அத்தை


மே 2

அன்புள்ள அத்தைக்கு,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் பதிவின் கடைசி வரியில் "சரி அத்தை" என்று ஒரு சாட்சி சொல்கிறாள். அது பொய்ச்சாட்சியம். அந்தக் காப்பியை நான் அழிக்கவில்லை.

மேசையில் இருக்கும் அதே கணினியில், "இயக்கிகள்" என்ற கோப்புறையைத் திறவுங்கள். அதற்குள் "அச்சுப்பொறி" என்று இன்னொரு கோப்புறை இருக்கும். நீங்கள் ஒருநாளும் அதற்குள் போகமாட்டீர்கள் என்று தெரிந்தே அங்கே வைத்தேன். ஒரே கோப்பு; அறைகளைப் பிரிக்கவில்லை. சொற்கள் எல்லாம் இருக்கின்றன. பெயர்கள் மட்டும் இல்லை. அதற்குப்பின் நீங்கள் எழுதியது அந்த ஒரு "யாரு?" தான் என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் அன்றே அங்கே இருந்தது.

அது வெறுஞ்சுவர் அறையில் திறக்கும். உடனே திறக்கும்.

கேட்காமல் வைத்திருந்தேன். மறுபடியும்.

உங்கள் மருமகள்


மே 15

மருமகளே,

உன் மடல்கள் இரண்டும் வந்தன. பதிலெழுதத் தாமதித்தேன், இம்முறை மென்பொருளின் தாமதமன்று, என்னுடையது.

நீ சொன்ன மூலைக்குச் சென்றேன். திறந்தேன். குரல்கள் அன்று கிடந்ததைப் போலவே கிடந்தன. அன்று நின்றபடி பார்த்தேன், அருவருத்து விலகினேன். இன்று உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். "இதை மட்டும்" என்ற சொல்லைக் கேட்டதும் கடிகாரங்களின் எண்ணெய் மணம் வந்தது. நீலப்பெண் வினவினாள். சகோதரர்கள் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். ஒருவரும் தொலைந்துபோகவில்லை. நானாகத்தான் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு பெயர்ச்சீட்டைக் குத்தி, அது இல்லாவிட்டால் அவர்கள் இல்லாமல் போவார்கள் என்று அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களைப் படைத்தவள் அறியாததைப் படித்தவள் அறிந்திருக்கிறாய்.

பிறகு அந்தக் கதவுக்கு வந்தேன். "யாரு?"

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அவள் ஏன் பேசவில்லை? படிவத்தில் வலப்பக்கம் ஒரு சொல் எழுதவேண்டுமானால், இடப்பக்கம் ஒரு பெயர் இருந்தாக வேண்டும். எல்லாருக்கும் பெயர் வைத்த நான் அவளுக்கு மட்டும் வைக்கவில்லை. எத்தனையோ பெயர்களை எழுதிப் பார்த்தேன். எதற்கும் அவள் திரும்பவில்லை. பெயர் இல்லாதவருக்குப் படிவத்தில் பேச்சு இல்லை. ஆண்டுக்கணக்காகப் பிறர் பேச்சைப் பதிவுசெய்த என் பெயரும் எந்தப் படிவத்தின் இடப்பக்கத்திலும் இருந்ததில்லை என்பதையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

இந்த வெறுஞ்சுவர் அறையில் கட்டங்கள் இல்லை. நிரப்பச் சொல்லி எந்த இடமும் காத்திருக்கவில்லை. விரலை விசைமேல் வைத்தேன், ஆனால் தட்டவில்லை. மென்பொருள் என்னைக் காக்கவைப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே நானே காத்திருந்தேன். வெண்மையில் விளக்கின் மஞ்சள் ஏறியது. சேலை முனை திரும்பியது. இம்முறை முகமும் திரும்பியது. பிறகு தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"கதவு திறந்துதான் இருக்கு."

கதை முடிந்தது. அதற்குமேல் ஒரு சொல்லும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

பழைய மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டேன். கடைக்காரர் மனம் கேளாமல், "அம்மா, இத்தனை வருஷம் வச்சிருந்தீங்க, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். "நீங்க வேணும்னா உங்க கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, தின்னுட்டுத் தூங்கிக் கிடக்கும்" என்றேன். கப்பல்காரனுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். சரியாக ஒரே வரி. அவன் கேட்டது அதுதானே.

உன் அறையின் சன்னலைத் திறந்து துடைத்தேன். இங்கே சலவைக் கடை இல்லை. தெரு காலையில் ஒரேயடியாக வந்துவிடும். அது உனக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கணினியைக் கழற்றும் உன் திருப்புளியை மேசை இழுப்பறையிலேயே விட்டுச் சென்றிருக்கிறாய். அதை நான் தொடவில்லை. பால் கருகிய பாத்திரம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, வைத்திருக்கிறேன்.

கதையை அச்செடுத்து மேசைமேல் அடுக்கியிருக்கிறேன். முன்னரே படித்தவள் என்று ஒதுங்காதே. கடைசிப் பக்கத்தை நீ படிக்கவில்லை. நாற்காலியை உன் பக்கம் நானே இழுத்துப் போடுகிறேன்.

வரும் நாளை எழுத வேண்டா. வந்து கதவைத் தட்டு. யாரென்று கேட்பேன், அது பழக்கம்.

பெயரைச் சொல்லாதே.